நாய்க்குட்டிக்காகத் தவழ்ந்தவள்

மாணிக்கம்மாள் தன் வீட்டுக்குள் நான்கு காலில் தவழ்கிறாள் என்ற செய்தி, வெயில் ஏறுவதற்குள் ஊமைப்பாறை முழுக்கப் பரவிவிட்டது. பரவாமல் என்ன செய்யும்? நெல்லிவாசல்நாட்டு மலையின் கடைக்கோடியில் இருக்கிற ஊர் அது, மொத்தமே பதினேழு வீடு. அடைகாக்கிற கோழி பாதியில் எழுந்து போனால்கூட ஊருக்கே தெரிந்துவிடும். நாற்பது வயதுப் பொம்பளை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றி மூலை மூலையாகப் போனால் சும்மா விடுவார்களா?

"இன்னாமே, புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்று வாசலில் வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள்.

"வெள்ளிக்கெழம நாய்க்குட்டி வருது. அது கண்ணுக்கு இங்க இன்னா இன்னா தெரியும்னு பாக்கறேன்." பதில் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

பெரியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மருமவ வர்றதுக்குக்கூட ஒருத்தியும் இப்டி வூட்ட ஒழிச்சி வெச்சதில்லடியம்மா! தெருவுல போற நாய்க்கு வந்த பவுச பாரு!"

சிரிக்கட்டுமே. மாணிக்கம்மாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. நின்று பார்த்தால் அவள் வீடு பளிச்சென்றுதான் இருந்தது. தவழ்ந்த பிறகுதான் லட்சணம் தெரிந்தது. கட்டிலடியில் துருப்பிடித்த அரிவாள். எலிக்கு வைத்து மறந்துபோன மருந்து உருண்டை இரண்டு. காட்டிலிருந்து பொறுக்கி வந்து மூலையில் கொட்டி வைத்திருந்த சேங்கொட்டை; அதன் பால் கையில் பட்டாலே கொப்புளம் போடும், குட்டி வாயில் போட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றினாள். சுவரோரத்துப் பொந்தைக் களிமண் வைத்து அடைத்தாள். சாய்த்து வைத்திருந்த உலக்கையைப் படுக்க வைத்தாள். அடுப்பைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண்வரம்பு போட்டு மெழுகினாள். சாமை வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் பழஞ்சாக்கை மடித்துப் போட்டு, தானே அதில் ஒருமுறை படுத்துப் பார்த்து, "குத்துது" என்று எழுந்து இன்னொரு சாக்கைப் போட்டாள். அவள் காரியம் எப்போதுமே அப்படித்தான். அரைகுறை என்பது அவளிடம் கிடையாது.

அவள் புளியைப் பற்றிக் கேட்டால் மலைக்குக் கீழே இருக்கிற ஒடுகத்தூர் சந்தையே சொல்லும். மற்றவர்கள் புளியைத் தோண்டிப் பார்த்து, கொட்டை இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று நசுக்கிப் பார்த்து வாங்குவார்கள். "மாணிக்கம்மா புளியா? அப்டியே வைய்யி" என்பார்கள் இவள் கூடையைப் பார்த்ததும். கொட்டை, நார், ஓடு எல்லாம் நீக்கி, உப்புப் போட்டு இடித்து, பந்து பந்தாக உருட்டி வைப்பாள். இருபது வருஷமாக ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. இருக்கட்டும், உழைத்தவளுக்கு அந்தக் கர்வம்கூட இருக்கக் கூடாதா?

வீடு ஒழித்தாயிற்று. பெரிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. அது அவள் புருஷன் தீர்த்தகிரியிடம் இருந்தது.

சாமைக் கதிர் முற்றுகிற காலத்தில் மலையில் காட்டுப்பன்றி கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு பொழுதில் ஆறு மாசப் பாட்டை உழுது போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காக ஆம்பளைகள் அவுட்டுக்காய் செய்து வைப்பார்கள். வெடிமருந்தையும் கூழாங்கல்லையும் சேர்த்துச் சுற்றி, மேலே ஆட்டுக்கொழுப்புத் தடவி, சாமைக் கொல்லை ஓரமாகப் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் வாய் சிதறும். பன்றிதான் கடிக்க வேண்டும் என்று அந்தக் காய்க்குத் தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைக் கடித்தது மாணிக்கம்மாளின் நாய், பொட்டு. வைத்தது தீர்த்தகிரிதான். ஓடையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழி தோண்டிப் புதைத்தாள், கையைக் கழுவினாள், "இனிமே இந்த வூட்ல காய் இருக்கற வரைக்கும் நாய் கெடையாது" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதிர் பிடித்த நாளெல்லாம் கொல்லைப் பரணில் தானே ஏறி உட்கார்ந்து, தகர டப்பாவைத் தட்டித் தட்டித் தொண்டை கட்டிப் போனாள். வீம்புக்காரி. ஒரு பிடி சாமையைப் பன்றிக்கு விடவில்லை. ஆனாலும் உடம்பு என்ன இரும்பா? இந்த வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. "சரி, காயெல்லாத்தையும் எடுத்துடறேன். ஒரு நாய்க்குட்டியப் பாரு" என்று தீர்த்தகிரியே இறங்கி வந்தான்.

அவள் தவழ்ந்த அன்றைக்கே அவன் கூரையிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் எடுத்து வந்து வாசலில் ஒவ்வொன்றாக வைத்தான். ஆறு.

"எத்தினி செஞ்ச?"

"ஆறுதான்."

"யோவ், என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. அன்னிக்கி கொழுப்ப ஏழு துண்டா அறுத்துக் குடுத்தது யாரு? நான்தான? அது இன்னாத்துக்குன்னு தெரியாம அறுத்துக் குடுத்த பாவி நான். ஏழாவது எங்க?"

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான். ஆள் நல்ல உயரம். ஆனால் அவள் முன்னால் நின்றால் எப்போதும் ஒரு சாண் குறைந்துதான் தெரிவான். மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான். சித்திரை மாசம், புளி உருட்டுகிற நாளில், காட்டிலாகா ஆட்கள் வீடு வீடாகச் சோதனை போட்டு வருகிறார்கள் என்று சொன்னார்கள். மற்றதையெல்லாம் ஒளித்துவிட்டான். ஒன்று மட்டும் கையில் நின்றுவிட்டது. பயத்தில் என்ன செய்வது என்று தெரியாமல், இடித்து வைத்திருந்த புளியை அதன் மேல் அப்பி, உருட்டி, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த உருண்டைகளோடு பானைக்குள் போட்டுவிட்டான். ஆட்கள் வந்தார்கள், புளிப்பானையை எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அப்புறம் எடுக்கலாம் என்று பார்த்தால் எது என்று தெரியவில்லை. அவளிடம் சொல்லவும் பயம்.

"நாலு மாசமா அந்தப் பானையில கைய வுட்டுக் கொழம்பு வெக்கறன்யா நானு!"

"நசுக்கினாதாம்மே வெடிக்கும்... தொட்டா ஒண்ணும் ஆவாது... அது மத்த உருண்டையவிட கொஞ்சம் பெரிசா இருக்கும். அத வெச்சிக் கண்டுபுடிச்சிடலாம்னுதான்..."

கொஞ்சம் பெரிசா. அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாணிக்கம்மாள் புளிப்பானையைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் ஒடுகத்தூர் போயிருந்தாள். சந்தை நாளில் அவள் தண்ணீர் குடித்து இளைப்பாறுகிற வீடு சாந்தாமேரியின் வீடு. கோயில் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற சின்னப்பராஜின் மனைவி. அவர்கள் வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. அதில் எதைக் கண்டாலும் வாயில் கவ்விப் பார்க்கிற செவலைக் குட்டியைத்தான் மாணிக்கம்மாள் பார்த்துச் சொல்லி வைத்தாள். "இதுக்கு மூக்கும் இருக்குது, ரோஷமும் இருக்குது. பால மறக்கட்டும், அடுத்த வெள்ளி வந்து தூக்கினு போறேன்" என்றாள். வெறுங்கையோடு நாய்க்குட்டி வாங்கினால் குட்டி வீட்டில் தங்காது என்று மலையில் ஒரு நம்பிக்கை. உப்போ தானியமோ, ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இவள் புளி கொண்டுபோயிருந்தாள். ஐந்து உருண்டை. கொடுப்பதைக் குறைத்துக் கொடுத்துப் பழக்கம் இல்லாதவள், பானையைத் துழாவி, இருந்ததில் பெரிய பெரிய உருண்டையாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தாள்.

அந்த வீட்டில் நாலு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. ஜெயசெல்வி என்று பேர்.

"வூட்ல இருக்கற புளி அத்தினியும் தண்ணியில போடு. ஒண்ணு வுடாத. கரையட்டும்," என்றாள் மாணிக்கம்மாள் புருஷனிடம்.

"ஒரு வருஷத்துப் புளிமே!"

"போடுன்னா போடு!"

காலைக்குத் தின்ன எடுத்து வைத்திருந்த களி உருண்டையைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஜீப்பும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. காட்டு வழிதான். பிடித்திருந்த இடுப்பு எங்கே போயிற்றோ, அவளுக்கே தெரியவில்லை. வழி நெடுக வாய் ஒன்றையே முணுமுணுத்தது. "நசுக்கியிருக்கக் கூடாது, கடிச்சிருக்கக் கூடாது, கரச்சிருக்கணும், ஊற வெச்சிருக்கணும்." கீழே எங்கோ கல்லுடைக்கிறவர்கள் வேட்டு வைத்த சத்தம் கேட்டபோது, அவள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஓடினாள்.

ஒடுகத்தூர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வீடு இருந்தது. சுவர் நின்றது. கூரை நின்றது. "அப்பா சாமி" என்று மூச்சு விட்டுக்கொண்டே சந்து வழியாகப் பின்பக்கம் போனாள்.

முருங்கை மரத்தடியில் செவலைக் குட்டி படுத்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒரு புளி உருண்டையை வைத்து நக்கிக்கொண்டிருந்தது. புளி பாதி போய், உள்ளே சுற்றியிருந்த நூல் தெரிந்தது. புளியை எந்த நாய் நக்கும்? உள்ளே இருந்த கொழுப்பு வாசனைக்குத்தான் அது நக்குகிறது. இரண்டு முழம் தள்ளி ஜெயசெல்வி குந்திக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஓடிப்போய்ப் பிடுங்கியிருப்பார்கள். மாணிக்கம்மாள் நாய் வளர்த்தவள். பிடுங்கப் போனால் குட்டி இன்னும் இறுக்கிக் கடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"கண்ணு, அத்தைக்குத் தாகமா இருக்குது. உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டா."

"இருங்க அத்த. இது எப்டிக் கடிக்குது பாருங்க."

"பாக்கறேன் கண்ணு. தண்ணி குடிச்சிட்டுப் பாக்கறேன். நெறைய கொண்டா. சிந்தாம, மெதுவா நடந்து வரணும்."

குழந்தை எழுந்து போயிற்று. அது வாசற்படி தாண்டுகிற வரைக்கும் மாணிக்கம்மாள் காத்திருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துக் களி உருண்டையைத் தரையில் வைத்தாள். "த்தா, த்தா" என்றாள். குட்டி தலையைத் தூக்கியது, வாலை ஆட்டியது. போட்டுவிட்டு வரட்டும் என்று பார்த்தால், உருண்டையைக் கவ்விக்கொண்டே எழுந்து குதித்துக் குதித்து அவளை நோக்கி வந்தது! அவள் அசையவில்லை. ஓடவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. "வா ராசா. வா. அத கீழ போட்டுட்டு இதத் துன்னு" என்று தாலாட்டுகிற குரலில் சொன்னாள். குட்டி அவள் மடிக்குப் பக்கத்தில் நின்று களியை முகர்ந்தது. வாயைத் திறந்தது. உருண்டை மண்ணில் விழுந்து அவள் கால்விரலில் இடித்து நின்றது.

இரண்டு உள்ளங்கையாலும் அதை ஏந்தி எடுத்து, துணி துவைக்கிற தொட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி வைத்தாள்.

ஜெயசெல்வி சொம்போடு வந்தாள். "அது கல்லு அத்த. புளின்னு எடுத்தேன். கடிச்சேனா, பல்லு வலிச்சுது. அதான் அதுகிட்ட போட்டுட்டேன்."

மாணிக்கம்மாளுக்குப் பொட்டு செத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு சாந்தாமேரி ஓடி வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லி மழுப்பியிருக்கலாம். நாய்க்குட்டியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி, காயை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மாணிக்கம்மாள் அப்படிப்பட்டவள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஊறிப்போன காயை எடுத்துப் பிரித்து, சேறாகிப் போன மருந்தையும் கூழாங்கல்லையும் காட்டினாள். உள்ளே மீதி இருந்த உருண்டைகளையும் வாங்கித் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள்.

சாந்தாமேரி குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். அவளுக்கு முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"உன் புளியாச்சேன்னுதான பிரிச்சிக்கூடப் பாக்காம வெச்சேன்." இத்தனை வருஷமாக 'வாங்க, போங்க' என்று பேசியவள். "குட்டியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

"வர்ல தாயி," என்றாள் மாணிக்கம்மாள்.

அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்திருந்து, மறுநாள் வீடு வந்து சேர்ந்தாள். தீர்த்தகிரி அண்டா அண்டாவாகக் கரைந்த புளித்தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லச் சொல்ல, கன்னம் கன்னமாக அறைந்துகொண்டான்.

"அடிச்சிக்காத. அடிச்சிக்கினா ஆச்சா? நான் நாய்க்குட்டிக்குன்னு வூடு பூரா தவழ்ந்தன்யா. காயக் கொண்டும்போயி அடுத்தவங்க கொழந்த வாயில வெச்சேன். எழுந்துரு. எங்கூட வா."

"எங்க?"

"மிச்சம் பதினாறு வூடு இருக்குதுல்ல?"

முதலில் போனது ரங்கசாமி வீட்டுக்கு. ஊரில் அதிகம் காய் செய்கிறவர் அவர்தான். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "காயக் கொண்டாந்து தண்ணியில போட்டுட்டு, பன்னி வந்தா இன்னா பண்றது? உன் நாய்க்குட்டி வந்து தொரத்துமா?"

"என் நாய்க்குட்டி வராதுங்க. அத வுடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தப்ப வூட்டுக்கு ஒரு நாய் இருந்துச்சி. இப்ப எத்தினி இருக்குது?"

ரங்கசாமி யோசித்தார். "ஒண்ணும் இல்ல."

"எல்லாம் எதால செத்துது? காயக் கடிச்சி. நாய் இல்லாததால பன்னி வருது. பன்னி வருதுன்னு காய் வெக்கறோம். காய் வெச்சதால நாய் இல்ல. இது இன்னா பொழப்புங்க?"

அவர் இன்னொரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அப்போதுதான் வாசலில் நின்ற தீர்த்தகிரி வாய் திறந்தான். பத்துப் பேர் முன்னால் பேசத் தெரியாதவன். "நான் செஞ்ச காயிண்ணே. நாலு வயசுக் கொழந்த. கடிச்சிப் பாத்துட்டு, பல்லு வலிக்குதுன்னு போட்டுடுச்சி." உள்ளே தொட்டிலில் ரங்கசாமியின் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். ரங்கசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஏணியை எடுத்துக் கூரையில் சாய்த்தார்.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். சிலர் கதவையே திறக்கவில்லை. கருப்பன் என்பவன், "பொம்பளப் பேச்சக் கேட்டு ஊரே கெடப்போவுது" என்று ஏசினான். மாணிக்கம்மாள் மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். "கதிர் முத்தற காலத்துல ஊரே மொறை போட்டுக் காவல் இருக்கலாம். மொத மொறை என்னோடது. மொத கொல்லை உன்னோடது" என்றாள் கருப்பனிடம். அவள் காவல் இருந்த கொல்லையில் ஒரு பிடி போனதில்லை என்பது அவனுக்கும் தெரியும். பதினேழு வீடும் முடிய ஒன்பது நாள் ஆயிற்று. பொங்கல் வைக்கிற பெரிய அண்டாவில் நாற்பத்து மூன்று காய் ஊறிச் செத்தன. வயிற்றைப் பிடித்துச் சிரித்த பெரியம்மாள் சத்தமில்லாமல் வந்து இரண்டு காயைப் போட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே போனாள்.

நாய்க்குட்டிக்குப் போட்ட சாக்குப் படுக்கையில் கோழி முட்டையிட ஆரம்பித்தது. மாணிக்கம்மாள் வெள்ளிக்கிழமை சந்தைக்கும் போகவில்லை. போனவர்கள் ஊமைப்பாறையில் நடந்ததைச் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஆவணி பிறந்த நாலாம் நாள், ஆள் ஏற்றுகிற ஜீப் ஊர் மேட்டில் வந்து நின்றது. அதிலிருந்து சாந்தாமேரி இறங்கினாள். ஒரு கையில் கூடை, அதற்குள் குட்டி முனகியது. இன்னொரு கையில் ஜெயசெல்வியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாணிக்கம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. ஊர்க்காரர்கள் ஆங்காங்கே நின்று பார்த்தார்கள்.

சாந்தாமேரி பதினேழு வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஆனால் கூடையை இறக்கி வைக்கவில்லை. குழந்தையின் கையைத்தான் விட்டாள்.

"போ. எந்த வூட்டுக்கு வேணா போயி வெளையாடு."

ஜெயசெல்வி ஓடினாள். ரங்கசாமி வீட்டுக்குள் புகுந்து பின்வழியாக வந்தாள். கருப்பன் வீட்டுத் தானியக் குதிருக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியம்மாள் வீட்டுப் பானையைத் திறந்து, உள்ளே கையை விட்டாள். ஊமைப்பாறையில் ஒருவருக்கும், அதைத் தொடாதே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.